மூன்று லட்சத்துக்கு செகண்ட்ஸ் கார்: மச்சான் சொல்லும் டீசலா, மனசு சொல்லும் பெட்ரோலா?

கேள்வி: மெக்கானிக் அண்ணா, திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். கையில் 3 லட்சம் இருக்கிறது, கடன் வாங்க விருப்பமில்லை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2012 ஸ்விஃப்ட் டீசல், 78,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர், 2 லட்சத்து 75 ஆயிரம் கேட்கிறார்கள். இன்னொன்று 2014 வேகன் ஆர் பெட்ரோல், 91,000 ஓடியிருக்கிறது, ஒரே ஓனர், 2 லட்சத்து 60 ஆயிரம். மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓட்டுவேன். மச்சான் டீசல்தான் லாபம் என்கிறார். அப்புறம், சென்னை புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் வாங்கினால் ரிப்பேர் செலவு பாதியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

தம்பி, மச்சான் பேச்சைத் தட்டினால் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் தட்டிவிடுங்கள்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். மாதம் 400 கிலோமீட்டர். வேகன் ஆர் லிட்டருக்கு 16 கொடுக்கிறது என்று வைத்தால் 25 லிட்டர், பெட்ரோல் 101 ரூபாய் என்றால் 2,525. ஸ்விஃப்ட் டீசல் 20 கொடுத்தால் 20 லிட்டர், டீசல் 93 ரூபாய் என்றால் 1,860. மாதம் 665 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு எட்டாயிரம்கூட முழுசாக வராது. அந்த டீசல் இன்ஜினில் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரில் ஒன்றே ஒன்று போய்ப் புதிதாக மாற்றினால் ஒரு வருஷ மிச்சமும் அதற்கு மேலும் அங்கேயே போய்விடும், டர்போ பக்கம் கை வைத்தால் இன்னும் மோசம். பள்ளிக்கும் வீட்டுக்குமாக ஐந்து, பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் டீசல் வண்டிக்கு இன்ஜின் ஒழுங்காகச் சூடாகவே நேரம் இருக்காது, புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்துகொண்டே போகும். டீசல் என்பது மாதம் 1,500, 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு.

இன்ஜினைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஸ்விஃப்டில் இருக்கும் அந்த 1.3 டீசல் ஃபியட் வடிவமைத்தது, ஃபியட் புன்டோவிலும் டாடா விஸ்டாவிலும் வேறு பெயரில் ஓடியதும் அதே குடும்பம்தான், நன்றாகப் பராமரித்தால் லட்சக்கணக்கில் ஓடும். என் சந்தேகம் மீட்டர் காட்டும் அந்த 78,000 மேல்தான், குறைத்துத் திருப்பி வைத்திருப்பார்களோ என்று. 2012-ல் பெட்ரோல் வண்டியைவிடக் கூடுதல் காசு கொடுத்து ஒருவர் டீசல் வாங்கினார் என்றால் நிறைய ஓட்டுகிற ஆளாகத்தான் இருந்திருப்பார். வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்ட யார் டீசல் வாங்கினார்கள்? இருக்கலாம், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வரும்போது மட்டும் எடுத்தவராக இருக்கலாம். நிரூபித்தால் நம்பலாம்.

ஒரு தடவை இப்படித்தான் ஒரு வாடிக்கையாளரோடு ஒரு வண்டியைச் செக்கிங் செய்யப் போனேன். மீட்டரில் 62,000. சீட் கவர் புதுசு, ஸ்டீயரிங் கவர் புதுசு, பாலிஷ் போட்டு முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. எனக்கு முதலில் கண்ணில் பட்டது கிளட்ச் பெடல். ரப்பரில் வரி வரியாக இருக்க வேண்டிய இடம் ஒரு ஓரம் மொட்டையாக வழவழவென்று இருந்தது. அறுபதாயிரத்தில் அப்படித் தேயாது. பானெட்டைத் தூக்கி ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றினால் அதன் இடுக்கில் எண்ணெய்க் கறையோடு ஒரு அட்டை, பழைய ஆயில் சர்வீஸ் அட்டை. அடுத்த சர்வீஸ் 1,40,000 என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது. புரோக்கரிடம் நீட்டினேன். "அது வேற வண்டி அட்டைண்ணே" என்றார். சரி என்று அட்டையைத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

எல்லா வண்டியிலும் அட்டை கிடைக்காது. ஆனால் அதைவிட நல்ல வழி இருக்கிறது. வண்டி கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தால் ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். ஓனரையே கூடக் கூட்டிக்கொண்டு ஆர்.சி. நம்பரோடு போய்க் கேளுங்கள். கூட வர மாட்டேன், அதெல்லாம் எதற்கு என்று ஓனர் சொன்னால் உங்களுக்கு வேண்டிய பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

ஸ்விஃப்டுக்கு இன்னொரு இடி இருக்கிறது. சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம்தான். 2012 வண்டிக்கு 2027-ல் முடிகிறது. அப்புறம் இன்ஸ்பெக்ஷன் காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், 2022 ஏப்ரலில் இருந்து அதற்கான கட்டணமே 5,000 ரூபாய் ஆகிவிட்டது, பசுமை வரி தனி, காட்டுவதற்கு முன்னால் டிங்கரிங், பெயிண்ட், டயர் என்று ஆகிற செலவு தனி. விற்கிறவர் அந்தச் செலவைத் தப்பிக்கத்தான் இப்போது விற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. வேகன் ஆருக்கு 2029 வரை கவலையில்லை. ஆகவே வேகன் ஆர், ஆனால் பார்த்துத்தான்.

இப்போது காசு விஷயம். 3 லட்சம் இருக்கிறது என்றால் 3 லட்சத்துக்கு வண்டி பார்க்கக் கூடாது. பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், முதல் மாத வேலை, இதற்கெல்லாம் குறைந்தது ஐம்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வண்டி. இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டரும், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் இவற்றை அவர் நேற்றுதான் மாற்றினேன் என்று சத்தியம் செய்தாலும் நீங்கள் ஒரு தடவை மாற்றிவிடுங்கள். டயரில் வரி ஆழமாக இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமல் நின்ற வண்டியில் வரி அப்படியே இருக்கும், ரப்பர் வெடித்திருக்கும். நான்கு டயருக்கு ஒன்று 3,500 என்றாலே 14,000. பேரம் பேசும்போது "கொஞ்சம் குறைச்சுக்கோங்க சார்" என்று கேட்டால் இரண்டாயிரம் குறைப்பார்கள். டயர் 14,000, பேட்டரி 4,000, முன் சஸ்பென்ஷனில் புஷ் சத்தம் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டி, இதை நீங்கள் செய்து கொடுக்கிறீர்களா, நான் கழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும். 2 லட்சத்து 60 ஆயிரம் கேட்கிற வண்டி 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வரும் என்றுதான் நினைக்கிறேன்.

புதுப்பேட்டைக்கு வருகிறேன். பாதிச் செலவு என்பது பாதி உண்மை.

முதலில் புது பார்ட்ஸிலேயே காசு மிச்சம் பிடிக்கலாம், அதை யாரும் சொல்வதில்லை. கார் கம்பெனி காரின் எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது, அதே பாடியில் பிரேக்ஸ் இந்தியா பிரேக் சாமான் செய்கிறது, ரானே ஸ்டீயரிங் பாகங்கள் செய்கிறது, லூமாக்ஸ் விளக்கு, பாஷ் இன்ஜெக்டரும் பிளக்கும். இவர்களிடம் கார் கம்பெனி வாங்கித் தன் பெயர் போட்ட டப்பாவில் போட்டு விற்றால் ஒரு விலை. அவர்களே தங்கள் சொந்த டப்பாவில் கடைக்கு அனுப்பினால் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலை. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், செய்த கம்பெனியின் பெயர் அதிலேயே குத்தியிருக்கும். அந்தப் பெயரில் அதே பார்ட் நம்பருக்குப் பொருந்துவது இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். மாடல் பெயரைச் சொல்லி "வேகன் ஆர் பிரேக் பேட் குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் தனக்கு எதில் லாபமோ அதைத்தான் எடுத்து வைப்பார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

பயப்பட வேண்டியது டூப்ளிகேட்டுக்கு. ஒரு வாடிக்கையாளர் தானே வாங்கி வந்த பிரேக் பேடை மாட்டச் சொன்னார், டப்பா அசல் மாதிரியே இருந்தது, நானும் அவசரத்தில் மாட்டிவிட்டேன், தப்பு என்னுடையதும்தான். நான்கு மாதத்தில் சத்தம் வருகிறது என்று வந்தார். சக்கரத்தைக் கழற்றினால் ஒரு பேடில் லைனிங் அப்படியே தோசை மாதிரி பெயர்ந்து விழுந்துவிட்டது, வெறும் இரும்புத் தகடு டிஸ்கை உழுதிருக்கிறது. முந்நூறோ நானூறோ மிச்சம் பிடித்தார், இரண்டு டிஸ்க் மாற்றினோம். கொடைக்கானல் மலை இறங்கும்போது பெயர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பழைய பார்ட்ஸ் வாங்குவதில் எனக்கு ஒரே அளவுகோல்தான்: அது திடீரென்று போனால் வண்டி நின்றுபோகுமா, நிற்காமல் போகுமா? நின்றுபோனால் பரவாயில்லை, ஓரம் கட்டிவிட்டு எனக்கு போன் செய்யலாம். நிற்காமல் போகிற எதையும் பழசில் வாங்காதீர்கள். கதவு, பானெட், பம்பர், கண்ணாடி, ஹெட்லைட், டெயில் லேம்ப், சீட், பவர் விண்டோ மோட்டார், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஏசி கன்டென்சர் எல்லாம் பழசில் தாராளமாக வாங்கலாம். பிரேக்கில் எதுவும், ஸ்டீயரிங், பால் ஜாயின்ட், டயர், சீட் பெல்ட், ஏர்பேக் இவை புதுசுதான். கிளட்ச் பிளேட்டைப் பழசில் வாங்கினால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நூறு ரூபாய் மிச்சத்துக்கு கியர் பாக்ஸை இரண்டு தடவை இறக்கிக் கூலி கொடுக்கிற முட்டாள்தனம்.

உங்களுக்கு வேகன் ஆரில் ஒரு வசதி இருக்கிறது. அதில் இருக்கும் கே10 இன்ஜின் ஆல்டோ கே10, செலேரியோ வண்டிகளிலும் வந்தது. தெருவுக்குத் தெரு ஓடுகிற வண்டிகள், ஆகவே உடைத்த வண்டிகளும் நிறைய, இன்ஜின் சம்பந்தப்பட்ட சாமான் பலதும் ஒத்துப்போகும், விலையும் படியும். டைமிங்குக்கும் பெல்ட் இல்லை, செயின், ஆகவே இத்தனையாயிரத்துக்கு ஒரு தடவை பெல்ட் மாற்று என்கிற செலவு கிடையாது. ஊரில் நாலு பேர் வைத்திருக்கிற வண்டியை வாங்கினாலே ஸ்பேர் செலவில் பாதி குறைந்துவிடும் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

புதுப்பேட்டைக்குப் போனதில்லை என்றால் ஒரு தடவை சும்மா சுற்றிப் பாருங்கள், கூவம் ஓரமாகச் சந்து சந்தாகக் கடை, ஒரு கடை முழுக்க கதவு மட்டும் புத்தகம் மாதிரி அடுக்கியிருக்கும், இன்னொன்றில் ஹெட்லைட் மட்டும், அடுத்ததில் இன்ஜின்கள் ஒன்றின் மேல் ஒன்று. வாசலில் நின்று என்ன வண்டி என்று கேட்கிற பையன் உங்களைக் கையோடு அழைத்துப் போவான். போவதற்கு முன் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போங்கள், போட்டோ போதாது, ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் கனெக்டரில் ஒரு பின் கூடக் குறைய இருக்கும். முதலில் சொல்லும் விலையில் பாதியில் இருந்து பேச்சை ஆரம்பியுங்கள். மோட்டார், ஆல்டர்னேட்டர் மாதிரி சாமானை அங்கேயே பேட்டரி வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஓடாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பில் இல்லை என்றால் சாமானும் வேண்டாம். திருட்டு வண்டியை உடைத்த சாமான் கையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். முழு இன்ஜின் மாற்றுவதாக இருந்தால் இன்னும் கவனம், இன்ஜின் நம்பர் மாறுகிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாத வண்டியின் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் திண்டுக்கல்லில் இருந்து சென்னைக்குப் போக வர டிக்கெட், சாப்பாடு, ஒரு நாள் லீவு. எண்ணூறு ரூபாய் ஸ்விட்சுக்கு இது கட்டுமா? கோவை உக்கடத்திலும் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன, உங்களுக்குப் பக்கம். சின்னச் சாமான் என்றால் உள்ளூர் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். கதவு, பம்பர், ஏசி சாமான் என்று நாலைந்து சேர்ந்தால்தான் பயணம்.

பேப்பர் விஷயம். வண்டி நம்பரை பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் ஆப்பிலோ போட்டால் எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எது வரை, பேங்க் லோன் நிற்கிறதா எல்லாம் தெரியும், இ-சலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். லோன் எழுதியிருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் ஆர்.சி.யில் இருந்து லோனை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறேன், நீங்கள் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் வேண்டாம், ஆர்.சி.யில் எவர் பெயரோ அவரே சட்டப்படி ஓனர், உச்ச நீதிமன்றமே 2018-ல் ஒரு விபத்து வழக்கில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்: "50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருக்கு சார்" என்று விற்கிறவர் பெருமையாகச் சொல்வார், அது அவருடைய போனஸ், அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அதற்காக விலையில் ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக வண்டியைப் பார்ப்பது. உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், அவருக்கு ஆயிரம் ரூபாய் கொடுங்கள், கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் புரோக்கர் கொடுப்பார், எங்கள் தொழிலில் இது நடக்கிறது, நான் ஒளித்து என்ன ஆகப்போகிறது. பானெட்டைத் திறந்ததும் பானெட், முன் ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள், பெயிண்ட் அப்படியே இருந்தால் கழற்றவில்லை, ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் ஏதோ வேலை நடந்திருக்கிறது. ஃபெண்டர் மாற்றியது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் அதற்கு உள்ளே சஸ்பென்ஷன் உட்காரும் ஏப்ரனில் வெல்டிங், பட்டி இருந்தால் நல்ல அடி, விட்டுவிடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்க்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், மேலே வாஷிங் செய்திருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பாகத்தில் சேற்று வரி அப்படியே நிற்கும். 2023 டிசம்பரில் முதலில் சென்னையும், இரண்டு வாரம் கழித்து தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கியது ஞாபகம் இருக்கும், டி.என். 69, 72 வண்டி என்றால் கார்ப்பெட்டையும் தூக்கிப் பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான காற்று வருவது சகஜம், குபுகுபுவென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது இன்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டது, அந்த வண்டி இனாமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ என்று கூலன்ட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்ஜின் குறைகளில் பலதும் வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருந்தால்தான் தெரியும். சூடான இன்ஜின் அவற்றை மறைத்துவிடும், விற்கிறவருக்கும் அது தெரியும். அதனால் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே போய்விடுங்கள், பல் தேய்த்துக்கொண்டே வெளியே வருவார், தப்பாக நினைக்க மாட்டார். அவர் சாவி எடுத்து வருவதற்குள் பானெட் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ கொடுப்பார்கள், குடித்துவிட்டு வந்துவிடுங்கள். சில்லென்று இருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள், ஸ்டார்ட் பண்ணும் சத்தத்தை நானும் கேட்கிறேன்.